ஹெபடைடிஸ் வைரல் லோடு பரிசோதனையைச் சர்வதேசத் தரப்பொருளோடு பொருத்துவது எப்படி: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் ஜனவரியில் கீழ்ப்பாக்கத்து ஆய்வகம் ஒன்றில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு, பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து, வீட்டுக்குப் பக்கம் என்பதால் தாம்பரத்தில் வேறோர் ஆய்வகத்தில் அதே பரிசோதனையைச் செய்துகொள்கிறார். முதல் அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 1,300 சர்வதேச அலகு என்றும் இரண்டாவதில் 2,000 என்றும் இருந்தால், வைரஸ்தான் பெருகியிருக்கிறதா, இல்லை இரண்டு ஆய்வகங்களின் அளவுகோல் வேறுவேறாக இருக்கிறதா என்று மருத்துவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கல்லீரல் நொதியின் அளவோடு சேர்த்துப் பார்த்து மருந்து தொடங்குவதை முடிவு செய்ய, சிகிச்சை வழிகாட்டுதல்கள் வைத்திருக்கும் எல்லைகளில் ஒன்று அந்த 2,000. கர்ப்பிணிகளுக்கு எல்லை 2,00,000. அதற்கு மேல் போனால் குழந்தைக்குத் தொற்றாமல் இருக்கத் தாய்க்கு டெனோஃபோவிர் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இப்படி ஓர் எண்ணை வைத்து ஒருவருடைய சிகிச்சை தீர்மானிக்கப்படும்போது, அந்த எண்ணுக்கு எது ஆதாரம் என்று கேட்கத் தெரிந்திருப்பதும், அதற்குப் பதில் சொல்லும்படி ஆய்வகத்தை வைத்திருப்பதும் நம் வேலை.

நுண்ணுயிரியலோ உயிரித் தொழில்நுட்பமோ மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பமோ படித்துவிட்டு மூலக்கூறு பரிசோதனைப் பிரிவில் அண்மையில் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பரிசோதனை சொல்லும் எண்ணை உலகம் ஒப்புக்கொண்ட ஓர் அளவோடு எப்படி இணைப்பது என்பதை மட்டும் படிப்படியாகப் பார்ப்போம்.

அலகு எங்கிருந்து வருகிறது

1990களில் ஹெபடைடிஸ் சி ஆர்என்ஏவை அளக்கத் தொடங்கியபோது ஒவ்வொரு கிட் தயாரிப்பாளரும் தமக்கென ஓர் அளவை வைத்திருந்தார்கள். ஒரே ரத்த மாதிரி ஒரு முறையில் ஓர் எண்ணையும் மற்றொரு முறையில் அதைப் போலப் பல மடங்கையும் காட்டியது. 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் உயிரியல் தரப்படுத்தல் நிபுணர் குழு, ஹெபடைடிஸ் சி ஆர்என்ஏவுக்கான முதல் சர்வதேசத் தரப்பொருளை நிறுவியது. அதன் குறியீடு 96/790. மில்லிலிட்டருக்கு 1,00,000 சர்வதேச அலகு என்று அதற்கு மதிப்பு அளிக்கப்பட்டது. ஹெபடைடிஸ் பி டிஎன்ஏவுக்கான முதல் தரப்பொருள் 97/746 என்ற குறியீட்டோடு 1999இல் வந்தது. அதன் மதிப்பு மில்லிலிட்டருக்கு 10,00,000.

இங்கே புதியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச அலகு என்பது வைரஸ்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கிடைத்த தொகை அன்று. வைரஸ் உள்ள பிளாஸ்மாவை நீர்த்து, குப்பிகளில் நிரப்பி, உறைநிலையில் உலர்த்தி, பல நாடுகளின் ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவர்கள் வெவ்வேறு முறைகளில் அளந்து தந்த முடிவுகளைக் கூட்டாக ஆராய்ந்த பிறகு, 'இந்தக் குப்பியில் இத்தனை அலகு' என்று ஒப்புக்கொண்ட மதிப்பு அது. கோயம்பேட்டுச் சந்தையில் எந்தக் கடையில் வாங்கினாலும் கிலோ ஒன்றாகவே இருக்கிறது என்றால், எடைக்கற்கள் எல்லாம் ஒரே மூலத்தோடு சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றவை என்பதுதான் காரணம். சர்வதேசத் தரப்பொருள் அந்த மூலக்கல்லின் இடத்தில் இருக்கிறது.

ஆகவே ஒரு சர்வதேச அலகுக்கு எத்தனை வைரஸ் நகல் என்ற கேள்விக்கு எல்லாக் கிட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஹெபடைடிஸ் பியில் சில முறைகளுக்கு ஓர் அலகு ஐந்து அல்லது ஆறு நகலாக இருக்கும். வேறு சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. பழைய அறிக்கை நகல் கணக்கில் இருந்தால், அந்தக் கிட்டின் கையேட்டில் உள்ள மாற்றுக்காரணியைத் தேடி எடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு கிட்டின் காரணியை இன்னொரு கிட்டின் முடிவின் மேல் போடுவது, பார்ப்பதற்குக் கணக்குப் போல இருந்தாலும், வெறும் ஊகம்தான்.

எந்த வைரஸுக்கு எது

ஹெபடைடிஸ் ஏ, பி, சி மூன்றுக்குமான தரப்பொருள்களை இங்கிலாந்தில் உள்ள என்ஐபிஎஸ்சி என்ற தேசிய உயிரியல் தர நிறுவனம் தயாரித்து வழங்கி வருகிறது. ஹெபடைடிஸ் ஈக்கும் டீக்கும் முதல் தரப்பொருள்களைத் தயாரித்தது ஜெர்மனியில் லாங்கன் நகரில் இருக்கும் பால் எர்லிச் நிறுவனம். ஹெபடைடிஸ் ஈ தரப்பொருளின் குறியீடு 6329/10, மதிப்பு மில்லிலிட்டருக்கு 2,50,000 அலகு. ஹெபடைடிஸ் டீக்கு 7657/12, மதிப்பு 5,75,000. குப்பிகள் தீரத் தீர அடுத்த தொகுதி தயாராகும். முதலாவது, இரண்டாவது என்று எண் ஏறிக்கொண்டே போகும். 2016இல் நிறுவப்பட்ட நான்காவது ஹெபடைடிஸ் பி தரப்பொருளான 10/266இன் மதிப்பு 9,55,000 அலகு. முந்தையதன் மதிப்பு 8,50,000. ஒரே வைரஸ்தானே என்று பழைய எண்ணை நினைவிலிருந்து எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறேன். கையில் உள்ள குப்பியின் குறியீடும், அந்தக் குறியீட்டுக்கு உரிய துண்டுப் பிரசுரமும், நீங்கள் எழுதும் மதிப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

வாங்குவதற்கு முன்

எந்த வேலைக்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் போன்ற மூடிய அமைப்புகளில் அளவுத்திருத்தம் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. நீங்கள் அதில் கை வைக்க முடியாது. அங்கே தரப்பொருளைக் கொண்டு செய்யக்கூடியது சரிபார்ப்பு மட்டுமே: கருவி சொல்லும் எண் உண்மையான எண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்யலாம். வரம்புக்கு வெளியே போனால் தயாரிப்பாளருக்குத்தான் எழுத வேண்டும். தெரிந்த செறிவுகளை அளந்து, மற்ற மாதிரிகளைக் கணக்கிட உதவும் ஸ்டாண்டர்ட் கர்வை ஆய்வகமே வரையும் திறந்த பிசிஆர் முறை என்றால் அளவுத்திருத்தமே உங்கள் பொறுப்பு. இந்த வேறுபாடு தெரியாமல், தயாரிப்பாளர் தந்த முடிவை ஆய்வகத்தில் ஒரு காரணியால் பெருக்கித் 'திருத்தி' அறிக்கை கொடுப்பது கிட்டின் அங்கீகாரத்துக்கே புறம்பானது.

சர்வதேசத் தரப்பொருள் முதன்மையானது. அளவான எண்ணிக்கையில்தான் கிடைக்கும். அன்றாட ரன்னில் (ஒரு தொகுதிப் பரிசோதனையில்) கன்ட்ரோலாக, அதாவது முடிவு தெரிந்த சோதனைப்பொருளாக, வைத்துத் தீர்த்துவிட அது செய்யப்படவில்லை. ஒன்றிரண்டு குப்பிகளைக் கொண்டு ஆய்வகத்துக்கென ஓர் இரண்டாம் நிலைத் தரப்பொருளின் மதிப்பை நிறுவிக்கொண்டு, அதன் பிறகு அதையே பயன்படுத்துவதுதான் முறை. உலர்ந்த பொருள் என்பதால் பயணத்தில் எளிதில் கெடுவதில்லை. ஆனாலும் பார்சல் மீனம்பாக்கத்தில் சுங்கத்தில் நிற்கும் நாட்களைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொற்றுப்பொருள் வகைப்பாடு, பயன்பாட்டு நோக்கம் ஆகியவற்றுக்கான கடிதங்களை ஆர்டர் போடும்போதே தயாராக வைத்திருந்தால் சித்திரை வெயிலில் பார்சல் கிடங்கில் கிடக்க நேராது. வந்து சேர்ந்த நாளையும் அப்போதைய நிலையையும் எழுதிவிட்டு, துண்டுப் பிரசுரம் சொல்லும் வெப்பநிலையில், பெரும்பாலும் மைனஸ் 20 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ, வைத்துவிடுங்கள்.

குப்பியைத் திறப்பது

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்திலும் பொருளின் மேலும் நீர் படியும். குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே இருக்கட்டும். பிறகு மெதுவாகத் தட்டிப் பொருளை அடியில் சேர்த்துவிட்டு, உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் திறக்கவும். சில தரப்பொருள்கள் வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்பட்டவை என்றாலும், எல்லாமே மனித பிளாஸ்மாவில் செய்யப்பட்டவை. தொற்றக்கூடியவை என்றே கருதிக் கையாள வேண்டும். இந்த வேலையில் சேருபவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டு, எதிர்ப்பொருள் அளவையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன்.

நியூக்ளியேஸ் இல்லாத நீரைத் துண்டுப் பிரசுரம் சொல்லும் அளவுக்குத் துல்லியமாக விடவும். சில தரப்பொருள்களுக்கு 0.5 மில்லிலிட்டர், சிலவற்றுக்கு 1 மில்லிலிட்டர். அரை மில்லிலிட்டர் விட வேண்டியதில் ஒரு மில்லிலிட்டர் விட்டுவிட்டால் எல்லா முடிவும் பாதியாகிவிடும். மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் 0.30 குறையும். கர்வ் மட்டும் அழகான நேர்கோடாகவே வரும் என்பதால் இந்தப் பிழை தானாக வெளியே தெரியாது. நீர் விட்டபின் குறைந்தது இருபது நிமிடம், அவ்வப்போது மெல்ல அசைத்தபடி, முழுமையாகக் கரையும்வரை காத்திருக்கவும். உலர்ந்த தூளில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து எடைபோட்டுப் பயன்படுத்துவது என்பது அறவே கூடாது.

நீர்த்தல் வரிசை

தரப்பொருள் முழுவதையும் ஒரே தூக்கில் இயந்திரத்தில் போடுவதில்லை. நம் முறை அளக்கும் வரம்பு முழுவதிலும் புள்ளிகள் கிடைக்கும்படி நீர்க்க வேண்டும். நீர்ப்பது தண்ணீரிலோ பஃபரிலோ அல்ல, பிளாஸ்மாவில். நோயாளியின் மாதிரியில் உள்ள புரதமும் கொழுப்பும் மரபணுப் பிரித்தெடுத்தலைப் பாதிக்கும். தரப்பொருளும் அதே தடைகளைக் கடந்து வந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். அந்தப் பிளாஸ்மா ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனையிலும் மரபணுப் பரிசோதனையிலும் நெகட்டிவாக இருக்க வேண்டும். ஈடிடிஏ அல்லது சிட்ரேட் கலந்ததாக இருக்கலாம். ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

ஹெபடைடிஸ் பி தரப்பொருள் 10/266ஐ எடுத்துக்கொள்வோம். துண்டுப் பிரசுரப்படி கரைத்தபின் மில்லிலிட்டருக்கு 9,55,000 அலகு. இதை 1,00,000 ஆக்க 9.55 மடங்கு நீர்க்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் தரப்பொருளோடு 1,710 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவைச் சேர்த்தால் மொத்தம் 1,910. அதாவது சரியாக 9.55 மடங்கு. ஆயிரம் மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் 1,710ஐ ஒரே முறையில் எடுக்க முடியாது என்பதால் 855ஆக இரண்டு முறை விடவும். தரப்பொருளின் 200ஐ இருநூறு பிப்பெட்டில்தான் எடுக்க வேண்டும். ஆயிரம் பிப்பெட்டின் கீழ்வரம்புப் பகுதியில் பிழை கூடுதல். அடுத்து 200 மைக்ரோலிட்டரோடு 1,800 சேர்த்தால் பத்து மடங்கு நீர்த்து 10,000 ஆகும். இப்படியே 1,000, 100, 10 வரை போகலாம். ஒவ்வொரு படியிலும் புதிய டிப். ஒவ்வொரு படியிலும் நன்றாகக் கலக்கிச் சிறிது சுழற்றி இறக்கவும். வைரஸ் பக்கச்சுவரில் ஒட்டுவது குறைவான பிளாஸ்டிக் குழாய்களைப் பயன்படுத்தவும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பத்து மடங்குப் படியிலும் பிப்பெட் பிழையால் செறிவு மூன்று விழுக்காடு கூடினால், நான்கு படிகளுக்குப் பின் பிழை ஏறக்குறைய 12.6 விழுக்காடாக வளர்ந்திருக்கும். அதனால் தரப்பொருள் வேலைக்கு உட்காருவதற்கு முன் பிப்பெட்டுகளின் அளவுத்திருத்தச் சான்றிதழ் தேதியைப் பாருங்கள். முடிந்தால் அன்று காலையே தராசில் நீரை எடைபோட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள், அரைமணி வேலைதான்.

இன்னொரு எச்சரிக்கை: பத்து லட்சம் அலகுக்கு அருகில் உள்ள ஒரு திரவத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பிசிஆர் கலவை தயாரிக்கும் அறையில் இதைச் செய்தால், அடுத்த வாரத்து நெகட்டிவ் மாதிரிகள் பாசிட்டிவாக வரத் தொடங்கும். நீர்த்தலைத் தனி இடத்தில் செய்யுங்கள். குறைந்த செறிவிலிருந்து கூடுதல் செறிவு என்ற வரிசையில் பிரித்தெடுத்தலுக்கு ஏற்றுங்கள். இடையிடையே நெகட்டிவ் பிளாஸ்மா வையுங்கள்.

பிரித்தெடுத்தலிலிருந்தே தொடங்க வேண்டும்

பல ஆய்வகங்களில், பிளாஸ்மிட் டிஎன்ஏவை (வைரஸின் மரபணுத் துண்டைச் சுமக்கும் வளைய டிஎன்ஏவை) நீர்த்து ஸ்டாண்டர்ட் கர்வ் வரைவார்கள். மலிவானது, கையில் நிறையக் கிடைக்கிறது, கோடும் அழகாக வரும். ஆனால் பிளாஸ்மிட் நேராகப் பிசிஆரில் ஏறுகிறது. நோயாளியின் வைரஸோ உறை உடைந்து, சிலிக்காவில் ஒட்டி, கழுவப்பட்டு, எல்யூஷன் ஆகி (சிலிக்காவிலிருந்து திரவத்தில் பிரிந்து வந்து), சி வகையென்றால் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாற்றப்பட்டு, அதன் பிறகுதான் பிசிஆருக்கு வருகிறது. வழியில் பாதி தொலைந்துபோனால் பிளாஸ்மிட் கர்வுக்கு அது தெரியவே தெரியாது. தரப்பொருளின் ஒவ்வொரு நீர்த்தலும் நோயாளி மாதிரி போகும் அதே வழியில், அதே அளவில், அதே இயந்திரத்தில் போக வேண்டும். பிளாஸ்மிட்டுக்கு இடம் உண்டு: பிசிஆரின் திறனைப் பார்க்க அது போதும். ஸ்டாண்டர்ட் கர்வின் சரிவு மைனஸ் 3.32 என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் மரபணு சரியாக இரட்டிக்கிறது என்று பொருள், மைனஸ் 3.1க்கும் மைனஸ் 3.6க்கும் இடையே இருந்தால் ஏற்கலாம். ஆனால் அந்தச் சரிவு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அறிக்கையில் அச்சாகும் சர்வதேச அலகுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

வெவ்வேறு நாட்களில், இயன்றால் இரண்டு பேர் கையால், குறைந்தது மூன்று ரன்கள் செய்யவும். ஒவ்வொரு ரன்னிலும் ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று பிரதிகள். ஒரே நாளில் ஒன்பது பிரதிகள் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நாளுக்கு நாள் உள்ள மாறுபாடு மறைந்துபோகும். அந்த மாறுபாட்டையும் சேர்த்து அறிந்துகொள்ளத்தானே இத்தனை பாடு.

முடிவைப் படிப்பது

வைரல் லோடு கணக்கை எப்போதும் பத்தடிமான மடக்கையில்தான் செய்ய வேண்டும். எதிர்பார்த்தவை 5.00, 4.00, 3.00, 2.00, கிடைத்த சராசரிகள் 5.18, 4.21, 3.17, 2.20 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடுகள் 0.18, 0.21, 0.17, 0.20, அவற்றின் சராசரி 0.19. எல்லாச் செறிவிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் இது நேர்கோட்டுத் தன்மையின் கோளாறு அன்று. முறை முழுவதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 0.19 மடக்கை என்பது 1.55 மடங்கு. உண்மையில் 1,300 அலகு உள்ள நோயாளிக்கு இந்த ஆய்வகம் 2,000க்குச் சற்று மேலே அறிக்கை கொடுக்கும். தொடக்கத்தில் சொன்ன இரண்டு அறிக்கைகளுக்கு இடையே உள்ள வேறுபாடும் இவ்வளவுதான்.

மூலக்கூறு பரிசோதனையில் 0.5 மடக்கைக்குள், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்குக்குள், இருக்கும் ஏற்ற இறக்கத்தை நோயின் மாற்றமாகக் கருத வேண்டாம் என்பது மருத்துவர்களிடையே நிலவும் வழக்கம். அந்த வழக்கத்தைக் காட்டி 0.4 சாய்வைச் சரி என்று விட்டுவிடும் ஆய்வகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 0.5 என்பது தற்செயல் மாறுபாட்டுக்கு விடப்பட்ட இடம். நிலையான சாய்வே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால் தற்செயலுக்கு இடம் ஏது?

மாறாக 5.02, 4.03, 2.85, 1.60 என்று கிடைத்தால், மேல் பகுதி சரியாகவும் கீழ்ப்பகுதி சரிந்தும் இருக்கிறது. பிரித்தெடுத்தலில் இழப்பு, குழாயில் ஒட்டுதல், நீர்த்தலில் பிழை ஆகியவற்றை வரிசையாகத் தேட வேண்டும். இத்தகைய நிலையில் ஒரே காரணியால் திருத்த முயல்வது மேலே சரியாக இருப்பதையும் கெடுத்துவிடும்.

ஆய்வகத்தின் சொந்தத் தரப்பொருள்

அதிக வைரஸ் உள்ள பிளாஸ்மா ஒன்றை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, நெகட்டிவ் பிளாஸ்மாவில் நீர்த்து, நன்றாகக் கலந்து, ஒருமுறைப் பயன்பாட்டு அளவில் நூற்றுக்கணக்கான குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கவும். நிரப்பும் வரிசையின் தொடக்கம், நடு, இறுதி மூன்றிலிருந்தும் சில குழாய்களை எடுத்து அளந்து, எல்லாம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு சர்வதேசத் தரப்பொருளோடு ஒரே ரன்னில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கவும்.

4.00 இருக்க வேண்டிய சர்வதேசத் தரப்பொருள் 4.19 காட்டுகிறது, அதே ரன்களில் நம் பொருள் 4.52 காட்டுகிறது. சாய்வு இரண்டுக்கும் பொது என்பதால் நம் பொருளின் மதிப்பு 4.52 கழித்தல் 0.19, அதாவது 4.33, மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 21,400 அலகு. ஆனால் இந்த எண்ணைத் தனியே எழுதக் கூடாது. சர்வதேசத் தரப்பொருளை அளந்ததில் உள்ள நிச்சயமின்மை 0.04, நம் பொருளை அளந்ததில் 0.05 என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.064, இரண்டால் பெருக்கினால் 0.13. ஆக 4.33 கூட்டல் கழித்தல் 0.13. அலகில் சொன்னால் 15,800 முதல் 28,800 வரை. முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இந்த அகலம் அதிர்ச்சியாக இருக்கும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி கூடும்போதும் நிச்சயமின்மை கூடுமே தவிரக் குறையாது. இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலை, அதிலிருந்து நான்காம் நிலை என்று போகாமல், எப்போதும் சர்வதேசத் தரப்பொருளிலிருந்தே நேராக மதிப்பு எடுக்கச் சொல்வது இதனால்தான். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையும், மதிப்புத் தொடர்ச்சிக்கான ஐஎஸ்ஓ 17511 தரநிலையும் கேட்பது இந்தச் சங்கிலியின் ஆவணத்தைத்தான். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎல் அமைப்பின் மதிப்பீட்டாளர் வரும்போது முதலில் தேடுவதும் அதுவே.

குழாய்கள் முழுவதையும் ஒரே ஃப்ரீசரில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லாமல் போனதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு கட்டடங்களில், இயன்றால் இரண்டு வட்டாரங்களில் பிரித்து வையுங்கள். தரைத்தளத்தில் இருந்தால் மேல் தளத்துக்கு மாற்றுங்கள்.

மரபணு வகை தரும் சிக்கல்

தரப்பொருள் ஒரே ஒரு வைரஸ் வகையிலிருந்து செய்யப்படுகிறது. நான்காவது ஹெபடைடிஸ் பி தரப்பொருள் ஏ வகை; இந்தியாவிலோ டி வகைதான் அதிகம், அடுத்து ஏ. ஹெபடைடிஸ் சி தரப்பொருள்கள் 1 வகையிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்தியாவில் 3 வகைக்கே முதலிடம். ஹெபடைடிஸ் ஈ தரப்பொருள் 3 வகை; நம் நாட்டில் குடிநீர் வழியே பரவுவது 1 வகை. வைரஸ் மரபணுவில் போய் ஒட்டும் சிறு துண்டுகளான கிட்டின் பிரைமரும் புரோபும் எல்லா வகையையும் சமமாகப் பிடித்தால் கவலையில்லை. சமமாகப் பிடிக்காவிட்டால், தரப்பொருளோடு கச்சிதமாகப் பொருந்தும் அதே முறை நம் நோயாளிகளின் வைரஸைக் குறைவாக எண்ணும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருக்கிறது: உங்கள் பகுதியில் காணப்படும் வகைகளைச் சேர்ந்த, மரபணு வகை தெரிந்த நோயாளி மாதிரிகளை, வேறு பிரைமர் இலக்கு கொண்ட இன்னொரு முறையிலும் அளந்து ஒப்பிட வேண்டும். தரப்பொருள் இரண்டு முறையிலும் ஒத்துப்போய், குறிப்பிட்ட வகை நோயாளி மாதிரிகள் மட்டும் விலகி நின்றால் குறை பிரைமரில் இருக்கிறது. நோயாளி மாதிரிகள் எல்லாம் ஒத்துப்போய், தரப்பொருள் மட்டும் விலகி நின்றால், அந்தப் பொருள் அந்த முறையில் நோயாளி மாதிரியைப் போல நடந்துகொள்ளவில்லை என்று பொருள். அதைக் கொண்டு திருத்தினால் நல்ல முடிவுகளும் கெடும். இந்த ஒப்பீட்டைப் பல ஆய்வகங்கள் தவிர்க்கின்றன. தமிழ்நாட்டு நோயாளிகளுக்கு அறிக்கை தரும் எந்த ஆய்வகமும் இதை ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்டறியும் கீழ்வரம்பு

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் சி வகைக்கு இலவச மருந்து கிடைக்கிறது. மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ தென்படாவிட்டால் நோய் தீர்ந்தது என்று கொள்கிறோம். 'தென்படவில்லை' என்ற சொல்லுக்குப் பொருள் கொடுப்பது உங்கள் முறையின் கீழ்வரம்பு. தரப்பொருளை மில்லிலிட்டருக்கு 40, 20, 10, 5, 2.5 அலகு என்று நீர்த்து, ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாத பிரதிகளைச் சில நாட்களில் பரப்பி அளந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை பிடிபடும் செறிவைப் புரோபிட் என்ற புள்ளியியல் கணக்கில் எடுக்க வேண்டும்.

மில்லிலிட்டருக்கு 15 அலகு உள்ள மாதிரியில் 200 மைக்ரோலிட்டர் எடுத்தால் உள்ளே வருவது 3 அலகு. 60 மைக்ரோலிட்டரில் எல்யூஷன் செய்து 20ஐப் பிசிஆரில் போட்டால், இழப்பே இல்லை என்று கொண்டாலும், குழாயில் இருப்பது 1 அலகு. இந்த அளவில் சில குழாய்களில் வைரஸ் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கிட்டின் கையேட்டில் உள்ள கீழ்வரம்பு அவர்கள் எடுத்த மாதிரி அளவுக்கு உரியது. மாதிரி போதவில்லை என்று பாதி அளவில் பிரித்தெடுத்தால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. அறிக்கையில் அதை எழுதவும் கூடாது.

அன்றாடத்தில்

அளவுத்திருத்தத்துக்குப் பயன்படுத்திய அதே பொருளைக் கன்ட்ரோலாக வைக்காதீர்கள். பொருள் சிதைந்தால் இரண்டும் சேர்ந்தே சிதையும், வரைபடம் ஒன்றும் சொல்லாது. வேறு மூலத்திலிருந்து, முடிவெடுக்கும் எல்லைக்கு அருகில் ஒன்று, உயர்ந்த செறிவில் ஒன்று என இரண்டு கன்ட்ரோல்களை ஒவ்வொரு ரன்னிலும் வைத்து, மடக்கை மதிப்பை, கன்ட்ரோலின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் காட்டும் லீவி ஜென்னிங்ஸ் வரைபடத்தில் குறிக்கவும். கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும் ஒவ்வொரு முறையும் பழைய லாட்டையும் புதிய லாட்டையும் ஒரே நாளில் இரண்டாம் நிலைத் தரப்பொருளோடு ஓட்டிப் பார்த்த பிறகே நோயாளி மாதிரிக்குப் போகவும். வெளித் தர மதிப்பீட்டில் சேர்ந்து, அங்கிருந்து வரும் மாதிரிகளையும் வழக்கமான மாதிரிகள் போலவே, வழக்கமாக அந்த வேலையைச் செய்பவரைக் கொண்டே செய்யவும்.

புதிய சர்வதேசத் தரப்பொருள் வெளியாகும்போது ஒரு வேலை காத்திருக்கும். முந்தையதோடு தொடர்ச்சி இருக்கும்படி மதிப்பு அளிக்கப்பட்டிருந்தாலும், உங்கள் முறையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும். பழைய தரப்பொருளில் ஒரு குப்பியை இதற்கென்றே தனியே எடுத்து வைத்திருந்து, புதியது வந்ததும் பழையது, புதியது, இரண்டாம் நிலைப் பொருள் மூன்றையும் ஒரே ரன்களில் ஓட்டவும். இரண்டாம் நிலைப் பொருளுக்குப் புதியதிலிருந்து கிடைக்கும் மதிப்பு, முன்பு எழுதியதன் நிச்சயமின்மைக்குள் விழுந்தால் பழைய மதிப்பையே தொடரலாம். வெளியே விழுந்தால் மதிப்பை மாற்றி, மாற்றிய தேதியையும் வேறுபாட்டையும் பதிவு செய்து, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எண்களை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டும் என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.